இதய அடைப்பைத் திறந்ததுதான் தப்பா?

கேள்வி: எங்களுக்குப் பாலக்கோடு பக்கம். நான் ஓசூரில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு 59 வயது, சர்க்கரை உண்டு. தக்காளியும் கொஞ்சம் மாந்தோப்பும் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் விடியற்காலையில் நெஞ்சு அடைத்தது. வாயுப் பிடிப்பு என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். தர்மபுரிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து தொப்பூர் வழியாகச் சேலம் போய்ச் சேர்வதற்குள் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாரடைப்பு என்று, இதயக் குழாய் அடைப்பை அவசரமாகப் பலூனால் திறந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்றாம் நாள் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம் என்றார்கள். சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின் சேரும்போது 1.1, வீட்டுக்கு அனுப்பும்போது 1.5. இப்போது என் மாமா, ‘அடைப்பைத் திறக்கும்போது ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று ஒன்று வரும், பம்பிங் குறைந்ததே அதனால்தான்’ என்று ஒரு வீடியோவைக் காட்டுகிறார். அதற்கு மாதம் 3,800 ரூபாய்க்கு ஆன்டி ஆக்சிடன்ட் காப்ஸ்யூல் தருகிறார். அதைச் சாப்பிட்டால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்திவிடலாம் என்கிறார். பலூனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். தப்புச் செய்துவிட்டேனா? நெல்லிக்காய் ஜூஸாவது கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து. தம்பி, நீங்கள் போட்டது சரியான கையெழுத்து. அன்றைக்கு அதைப் போடாமல் நான்கு பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கும், அதோடு இன்னும் கொஞ்சம் இதயத் தசையும் போயிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். ஏனென்றால் உங்கள் மாமா சொல்வதில் பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வரியில் முடித்துவிடுவேன். பாதி உண்மைக்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசப்போய், “எனக்கு டென்ஷன் எல்லாம் ஒண்ணும் இல்லைங்க சார், பசங்க நல்லா வெச்சிருக்காங்க” என்றார். மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாம் இழுக்கும் பிராண வாயுவைக் கொண்டு சாப்பாட்டை எரித்துத்தான் செல்கள் சக்தி எடுக்கின்றன. எரிகிற அடுப்பிலிருந்து பொறி பறக்கிற மாதிரி, அந்த வேலையில் ஃப்ரீ ராடிக்கல் என்ற முரட்டுத் துகள்கள் கொஞ்சம் பிறக்கும். அக்கம்பக்கத்தில் கிடைத்ததையெல்லாம், கொழுப்போ புரதமோ மரபுப் பொருளோ, தொட்டுக் கெடுக்கிற குணம் அவற்றுக்கு. அவற்றை அணைக்க உடம்பே சில நொதிகளை வைத்திருக்கிறது. பொறி அதிகமாகி, அணைக்கிற கை குறைந்துபோன நிலைமைக்குப் பெயர்தான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். சர்க்கரை, பீடி, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாமே அந்தப் பொறியைக் கூட்டுபவை. அதாவது, அடைப்பு வந்த இதயம் ஏற்கெனவே பல வருடமாக இந்தப் பொறியில் வெந்துகொண்டிருந்த இதயம்தான். பலூன் வைத்த அன்று புதிதாக வந்து ஒட்டிய வியாதி இல்லை இது.

சரி, திறக்கும்போது என்ன நடக்கிறது? உங்கள் தோட்டத்து போர் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய்விட்டது. பயிர் காய்கிறது. மூன்று மணி நேரம் கழித்துக் கரண்ட் வருகிறது, வரும்போதே ஏற்ற இறக்கத்தோடு வருகிறது. காயில் எரிவது பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான், கரண்ட் இல்லாத நேரத்தில் இல்லை. இதயத் தசையும் அப்படித்தான். ரத்தம் வராத நேரத்தில் செல்லுக்குள் அரைகுறையாக எரிந்த கழிவுப் பொருட்கள் சேர்ந்து கிடக்கும். திடீரென்று பிராண வாயு உள்ளே வந்ததும் அவை அதோடு சேர்ந்து முதல் சில நிமிடங்களில் கொத்துக் கொத்தாக ஃப்ரீ ராடிக்கல்களைக் கக்கும். செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவே அப்போது பொறி கக்கும் இடமாகிவிடும். கால்சியம் அளவுக்கு மீறி உள்ளே புகும். பின்னாலேயே வெள்ளை அணுக்கள் வந்து அவை ஒரு பங்கு சேர்க்கும். 1960-லேயே நாய்களின் இதயக் குழாயைக் கட்டித் திறந்து பார்த்து, ரத்தம் திரும்பியதும் செல்கள் வேகமாக வீங்கி அழிவதை ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் எழுதிவிட்டார்கள். இதை நாங்கள் மறைக்கவில்லை, மருத்துவப் படிப்பிலேயே பாடம் இருக்கிறது.

ஆனால் காயில் எரியும் என்று பயந்து யாராவது கரண்டே வேண்டாம் என்று சொல்வார்களா? ரத்தம் திரும்பினால் கொஞ்சம் தசை கெடலாம். ரத்தம் திரும்பாவிட்டால் அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை முழுதும் செத்துவிடும். வீடியோக்காரர் சொல்லாமல் விட்டது இந்த இரண்டாவது வரியைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பலூன் என்றால் எல்லாம் ஒன்றல்ல. முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற பலூனைக் கேத் லேபில் (இதயக் குழாய் அடைப்பைத் திறக்கும் அறை) பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். கைப்பிடி வைத்த சின்ன பம்பைத் திருகுவோம், திரையில் பலூன் விரியும். குழாய் அந்த நேரம் முழுக்க அடைபட்டிருக்கும். பத்து எண்ணுவதற்குள் “நெஞ்சை அமுக்குது சார்” என்று குரல் வரும், மேலே ஓடும் ஈசிஜி கோடு மெல்ல எழும்பும். இருபது, முப்பது எண்ணிவிட்டுப் பலூனைச் சுருக்குவோம். கோடு பழைய இடத்துக்கு இறங்கும், அவரும் பெருமூச்சு விடுவார். அந்த அரை நிமிடத்தில் உண்டாகும் பொறி கொஞ்சம்தான், உடம்பே அணைத்துவிடும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேறு. குழாய் 5 மணி நேரத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. பம்பிங் குறைந்ததற்கு முக்கியக் காரணம் அந்த 5 மணி நேரம். திறந்தபோது வந்த பொறிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் மூடிக் கிடந்த நேரம் கூடக் கூட அதுவும் கூடும். ஆக எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கு சோடாவிலும் ஓமத் தண்ணீரிலும்தான் போய் நிற்கிறது. அப்பாவைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. நம் பக்கம் நெஞ்சு வலி என்றாலே வாயு என்றுதான் முதலில் சொல்வார்கள், டாக்டர் வீட்டிலும் சொல்வார்கள்.

அந்த 40 சதவீதத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. மூன்றாம் நாள் எடுத்த எக்கோவில் செத்த தசையும், உயிரோடு இருந்து மரத்துப்போன தசையும் ஒன்றாகத்தான் தெரியும். அடி வாங்கிய கை கொஞ்ச நேரம் விறைத்துக் கிடக்கிற மாதிரி, ரத்தம் திரும்பிய பிறகும் சில தசைகள் நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் வேலை செய்யாமல் கிடக்கும். இப்படி மரத்துப்போவதற்கும் அந்த ஃப்ரீ ராடிக்கல்கள் ஒரு காரணம். அவை தாமாக விழித்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றரை மாதம், மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ பார்க்கச் சொல்கிறோம். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. மாமா கொடுத்த வீடியோவை விட்டுவிட்டு ஒரு எக்கோ எடுங்கள். 40 என்பது 48 ஆகவோ 50 ஆகவோ ஏறியிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். ஏறாவிட்டாலும் அதற்கென்று நல்ல மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் சேர்த்துக் கொடுப்பார்.

இப்போது காப்ஸ்யூலுக்கு வருவோம். பொறிதான் பிரச்சினை என்றால் பொறியை அணைக்கும் வைட்டமினைக் கொடுத்தால் தீர்ந்தது என்று மாமாவுக்குத் தோன்றுவது இயல்புதான். உலகத்தில் பெரிய பெரிய ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. சும்மா தோன்றியதோடு விடாமல் ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் சோதித்தும் பார்த்தார்கள். பிரிட்டனில் 20,536 பேர், இதய நோயோ சர்க்கரையோ இருந்தவர்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் தினமும் 5 வருடம். ரத்தத்தில் வைட்டமின் அளவு ஏறியது. மாரடைப்போ சாவோ ஒரு துளி குறையவில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: அதே ஆய்வில், அதே ஆட்களுக்குள், சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையையும் சோதித்தார்கள். அது மாரடைப்பைச் சுமார் கால் பங்கு குறைத்தது. 2002-ல் முடிவு வந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் இன்னொரு பெரிய ஆய்வு: 9,500-க்கும் மேற்பட்டவர்களில் வைட்டமின் ஈ 400 யூனிட்டையும் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ராமிப்ரில் ஜெயித்தது, வைட்டமின் தோற்றது. அதோடு நிற்கவில்லை. அவர்களையே மேலும் சில வருடம் தொடர்ந்து பார்த்து 2005-ல் எழுதியபோது, வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு இதயம் பலவீனமாகிற தொந்தரவு கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. பம்பிங் 40 இருக்கிற மனிதருக்கு இதைத் தெரிந்தே கொடுக்க எனக்கு மனம் வராது.

அது நாள்பட்ட நோய்க்கு, பலூன் வைத்தவர்களுக்கு வேறாக இருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் பார்த்துவிட்டார்கள். ஸ்டென்ட் பரவலாவதற்கு முன்பு, பலூன் மட்டும் வைத்த குழாய் சில மாதத்தில் மறுபடி சுருங்கிவிடும். அதைத் தடுக்க 1997-ல் வெளிவந்த மான்ட்ரியல் ஆய்வில் 317 பேரை வைத்து வைட்டமின் கூட்டையும் ப்ரோபுகால் என்ற மருந்தையும் சோதித்துப் பார்த்தார்கள். ப்ரோபுகாலுக்குப் பலன் தெரிந்தது, வைட்டமின் கூட்டுக்குத் தெரியவில்லை. பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் வந்து அந்தப் பிரச்சினையையே பெரும்பாலும் முடித்துவிட்டது. மாரடைப்பில் குழாயைத் திறக்கிற அதே நேரத்தில் நேராக நரம்பில் மருந்து ஏற்றி மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பாற்றலாமா என்று சைக்ளோஸ்போரினை வைத்து 2015-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அதுவும் கைகொடுக்கவில்லை. கையில் ஊசியோடு பக்கத்தில் நின்றவர்களே பிடிக்க முடியாத பொறியை, இரண்டு மாதம் கழித்து டப்பாவில் வருகிற காப்ஸ்யூல் எப்படிப் பிடிக்கும்? அந்தப் பொறி பறந்தது அன்றைக்குச் சில நிமிடம். தீ அணைந்த வீட்டுக்கு இப்போது தண்ணீர் லாரி வந்து நிற்கிறது, அதுவும் மாதம் 3,800 வாடகையில்.

ரத்தத்தில் இந்த ஸ்ட்ரெஸ் எவ்வளவு இருக்கிறது என்று டெஸ்ட் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஃப்ரீ ராடிக்கல் கொழுப்பைக் கெடுத்ததன் மிச்சமான எம்.டி.ஏ. போன்ற சில அளவுகளை ஆய்வகங்களில் பார்க்கிறார்கள், ஆராய்ச்சிக்கு. அந்த எண்ணை வைத்து எந்த டாக்டரும் உங்கள் மாத்திரையை மாற்றப் போவதில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

அப்படியானால் இதற்கு மருந்தே இல்லையா? இருக்கிறது, அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்களே, அதுதான் வழி. பறந்த பொறியைத் துரத்துவதைவிடப் பொறி கிளம்பும் இடத்தைக் குறைப்பது. அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரை கொழுப்பைக் குறைப்பதோடு ரத்தக் குழாய்ச் சுவரில் பொறி பிறப்பதையும் குறைக்கிறது. அப்பாவுக்குக் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள். ராமிப்ரில் வகையும் அதேபோல் சுவரில் வேலை செய்கிறது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. பீடியோ, வாயில் அடக்கும் புகையிலையோ இருந்தால் (கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, பெரும்பாலும் பிள்ளைகள் சொல்வதில்லை) அன்றே நிறுத்துவது. ஒரு இழுப்புப் புகையில் இருக்கும் ஃப்ரீ ராடிக்கல்களை எண்ணக் கோடி போதாது. அதை இழுத்துக்கொண்டே ஆன்டி ஆக்சிடன்ட் சாப்பிடுவது பின்கதவைத் திறந்து வைத்து முன்கதவுக்குப் பூட்டுப் போடுவது.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தலாம் என்று சொன்னாரே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. சில வருடம் முன் ஒருவர் என்னிடம் வந்தார். ஸ்டென்ட் வைத்து நான்காம் மாதம். ‘ரெண்டும் ஒரே வேலைதானே, இயற்கையாக ஒன்று எடுக்கிறேன்’ என்று, ஆஸ்பிரினோடு சேர்த்து எடுக்க வேண்டிய, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலை விட்டுவிட்டு ஏதோ மூலிகைக் காப்ஸ்யூல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடி மாரடைப்பு. அவர் மனைவி மஞ்சப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக மேசை மேல் எடுத்து வைத்தார். ஆஸ்பிரின் அட்டையில் பாதி காலி. குளோபிடோக்ரெல் மூன்று அட்டை, ஒன்றுகூடக் கிழிக்காமல் பளபளவென்று இருந்தது. அந்த மூன்று அட்டை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஸ்டென்ட் என்பது குழாய்க்குள் இருக்கும் கம்பி வலை. அதன் மேல் உடம்பு தோல் மூடும்வரை ரத்தத்துக்கு அது வெளி ஆள். மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்குப் பொதுவாக ஒரு வருடம் இரண்டு மாத்திரையும் சேர்ந்தே ஓட வேண்டும். பல் பிடுங்கினாலும் சரி, கண் ஆபரேஷன் என்றாலும் சரி, ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு நாளும் விடக்கூடாது. வைட்டமின் ஈ-யை அதிக அளவில் இவற்றோடு சேர்த்தால் ரத்தக் கசிவு கூடலாம் என்பது இன்னொரு தொல்லை.

கிரியாட்டினின் 1.1-லிருந்து 1.5 ஆனது, பலூன் வைக்கும்போது குழாய் திரையில் தெரிவதற்காக ஏற்றும் சாய மருந்தால் இருக்கலாம், அன்றைக்கு இதயம் தடுமாறியதாலும் இருக்கலாம். சாய மருந்தால் என்றால் இரண்டு மூன்று நாளில் ஏறி, ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால் இங்கேயும் ஆன்டி ஆக்சிடன்ட் கதை ஒன்று உண்டு. சாய மருந்து சிறுநீரகத்தில் பொறி கிளப்புகிறது என்று அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையை வருடக்கணக்கில் கொடுத்தோம், நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 2011-ல் பிரேசிலில் 2,308 பேரிலும், பிறகு 2018-ல் சுமார் 5,000 பேரிலும் பார்த்தபோது அது எதையும் தடுக்கவில்லை என்று தெரிந்தது. நிறுத்திவிட்டோம். நீங்கள் இந்த வாரமே கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஒரு தடவை பாருங்கள். இன்னும் இறங்கவில்லை என்றால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், தோட்ட வேலை செய்து முட்டி வலி என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் ஊசியோ மாத்திரையோ வாங்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது சிறுநீரகத்துக்கும் ஆகாது, அவர் இதயத்துக்கும் ஆகாது.

நெல்லிக்காய். தகடூர் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரர்களிடம் நெல்லிக்காய் வேண்டாம் என்று சொன்னால் ஊரை விட்டே போக வேண்டியதுதான். தாராளமாகக் கொடுங்கள். தினம் ஒன்றிரண்டு காய், அப்படியே கடித்து. ஜூஸ் என்று டம்ளர் டம்ளராக வேண்டாம். தேன் நெல்லி, மிட்டாய் நெல்லி எல்லாம் சர்க்கரைக்காரருக்கு ஆகாது. வைட்டமின் சி-யைப் பெரிய பெரிய மாத்திரையாக விழுங்கினால் சிலருக்குச் சிறுநீரகக் கல் வரும், காயாகத் தின்றால் அந்த அளவை எட்டுவது கடினம். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், வீட்டுத் தக்காளி எல்லாம் நல்லதுதான், களியின் அளவு மட்டும் சர்க்கரையைப் பார்த்து. கீரை கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது வால்வு மாற்றியவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைக்குச் சொன்ன எச்சரிக்கை. ஆஸ்பிரினுக்கும் குளோபிடோக்ரெலுக்கும் கீரை ஒன்றும் செய்யாது. இந்தக் குழப்பத்தால் நம் பக்கம் எத்தனை பேர் கீரையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா! மாம்பழம் சீசனில் ஒரு துண்டு, சாப்பாட்டுக்குப் பதிலாக, சாப்பாட்டுக்கு மேல் இல்லை.

அப்புறம் ஒன்று. மறுபடி நெஞ்சை அடைத்து, வேர்த்து, ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் வாயுவா இல்லையா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதம் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவார்கள். அரூர் மலைப்பக்கம் மாதிரி கேத் லேப் எட்டாத இடங்களில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டே அனுப்பச் சொல்கிறோம். மாதாமாதம் மாத்திரை வாங்குவது கஷ்டமாக இருந்தால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும். அந்தத் திட்டம் தொடங்கியதே 2021-ல் உங்கள் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான்.

மாமாவிடம் சண்டை போட வேண்டாம். அவரும் நம்பித்தான் கொடுத்திருப்பார், பணமும் போட்டிருப்பார். அந்த டப்பாவைத் தூக்கி எறியாமல் அடுத்த செக்கப்புக்கு மாத்திரைப் பையிலேயே போட்டுக் கொண்டு போங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் என்னென்ன எழுதியிருக்கிறது, ஏற்கெனவே எத்தனை சாப்பிட்டிருக்கிறார் என்பதை உங்கள் டாக்டர் பார்க்க வேண்டும். முடிந்தால் மாமாவையும் கூடவே கூட்டிப் போங்கள், எக்கோ அறைக்குள் ஒருவரை விடுவார்கள்.